முதுகு டீச்சர்

தாட்சாயணி டீச்சர் முதுகைக் காட்டிவிட்டால் பாடம் ஆரம்பமாகிவிட்டது என்று அர்த்தம்.

கரும்பலகையில் ஓர் இடத்தின் பெயரை மட்டும் எழுதுவாள். பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, திருப்பதி லாட்ஜ் வரவேற்பறை, இப்படி ஏதாவது ஒன்று. பிள்ளைகளை நாலு நாலு பேராகக் கூட்டி உட்கார வைப்பாள். யார் பயணி, யார் கண்டக்டர் என்று சொல்லிவிட்டுப் பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். அதன் பிறகு பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே ஆங்கிலத்தில் பேசிக் காரியத்தை முடித்தாக வேண்டும். வார்த்தை கிடைக்காவிட்டால் பக்கத்தில் இருப்பவரைக் கேட்கலாம். டீச்சரைக் கேட்கக் கூடாது. கேட்டால் ஒற்றை விரல் மேலே போகும். முகம் மட்டும் திரும்பாது.

பிள்ளைகள் அவளுக்கு முதுகு டீச்சர் என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் தெரியும். தெரிந்தும் சந்தோஷப்பட்டாள்.

ஆந்திர எல்லைக்குள், நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில், பக்கத்துக்குப் பக்கம் விசைத்தறிக் கொட்டகை இருந்த ஊர் அது. கொட்டகைக்குள் தறிச் சத்தத்தில் பேசுவது காதில் விழாது. அங்கே வேலை செய்கிறவர்கள் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துத்தான் பேசிக்கொள்வார்கள். சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியதால் பிள்ளைகளுக்கும் அது தண்ணீர் பட்ட பாடு. வகுப்பில் இரைச்சல் அதிகமானால் தலைமை ஆசிரியர் சுரேஷ்பாபு வந்து கதவருகில் நின்று, "ஏமம்மா, இதி க்ளாஸா, கூரகாயல மார்க்கெட்டா?" என்பார். காய்கறிச் சந்தை என்று அவர் சொன்ன அடுத்த நிமிடமே அத்தனை பிள்ளைகளும் உதட்டுப் பேச்சுக்கு மாறிவிடுவார்கள், அதுவும் தமிழில். தாட்சாயணிக்கு அதுதான் ஆகாது. "வாயத் தொறந்து பேசுங்கடி. உதட்ட அசச்சா எவன் வேல குடுப்பான்?" என்று கத்துவாள்.

அவளும் தறிக்காரர் மகள்தான். நகரியில் அப்பா நாராயணசாமிக்கு இரண்டு தறி. உதட்டைப் படிப்பதில் அவளை மிஞ்ச அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆளில்லை.

அவள் படித்த காலத்தில் ஆங்கிலம் என்றால் மனப்பாடம். கட்டுரை, கடிதம், கேள்வி பதில், எல்லாவற்றையும் முழுங்கி முழுங்கிக் கக்கினாள். முதல் மதிப்பெண் வாங்கினாள். பி.எட். முடித்ததும் திருப்பதியில் ஒரு தனியார் பள்ளியில் நேர்முகத் தேர்வுக்குப் போனாள். "உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். தாட்சாயணிக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் நெட்டுருப் போட்ட 'என் கிராமம்' கட்டுரை. அதை ஒப்பித்தாள். அந்தக் கிராமம் கடலோரத்தில் இருந்தது. மீனவர்கள் இருந்தார்கள். மாலையில் அலைகளின் இனிய ஓசை கேட்டது.

"நகரிக்கு எப்போ வந்ததும்மா கடல்?" என்றார் ஒருவர். மேசைக்குப் பின்னால் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். தமிழ்க்காரர்களைக் கேலியாகக் குறிப்பிடும் 'அரவம்' என்ற சொல்லைச் சேர்த்துத் தெலுங்கில் ஒருவர் ஏதோ சொல்ல, இன்னும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவனும் சிரித்தான். அவளுக்கு நன்றி என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

பிறகு அரசு வேலை கிடைத்தது. ஆனால் அந்தச் சிரிப்பு போகவில்லை. என் பிள்ளைகளில் ஒருத்திகூட இல்லாத கடலைப் பற்றிப் பேசி நிற்கக் கூடாது என்று மனதுக்குள் சபதம் போட்டாள். ஆசிரியர் பயிற்சி ஒன்றில், "நீங்கள் எதிரில் நின்றால் பிள்ளைகள் உங்கள் முகத்தையேதான் பார்ப்பார்கள், கொஞ்சம் விலகி நில்லுங்கள்" என்று யாரோ சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் விலகி நின்றார்கள். இவள் திரும்பியே நின்றாள்.

ஊரில் அவளுக்கு மரியாதை வந்தது வேறொரு விஷயத்தால். முந்தின வருஷம் கங்கம்மாள் என்ற தறிக்காரி, பத்தாவது படித்துக்கொண்டிருந்த தன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயம் செய்திருந்தாள். தாட்சாயணி நேரே வீட்டுக்குப் போய் வாசலில் நின்று, "நானும் உங்க ஜனந்தான். பொண்ணு படிப்ப முடிக்கட்டும். இல்லேன்னா கலெக்டர் ஆபீசுக்கு எழுதிப் போட்டுடுவேன்" என்றாள். அவ்வளவுதான். வாங்கி வைத்த கூறைப்புடவை பெட்டிக்குள் போனது. டீச்சர் வாசலில் வந்து நின்றால் கல்யாணம் நிற்கும் என்று ஊர் தெரிந்துகொண்டது.

இந்த வருஷம் வகுப்பில் தரணி இருந்தாள். வேதாச்சலத்தின் மகள். அம்மா ருக்மணிக்குத் தறிச் சத்தத்தில் காது போய் ரொம்ப நாளாகியிருந்தது. அந்த வீட்டில் பேச்சு முழுவதும் உதட்டில்தான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த பெண் ஆங்கிலத்தில் வாய் திறந்தால் தங்குதடையில்லாமல் வந்தது. ஒப்பித்த பேச்சாக இல்லை. யோசித்து, வார்த்தை தேடி, தப்பாக ஆரம்பித்துத் தானே திருத்திக்கொண்டு பேசுவாள். முதுகுப் பக்கம் அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் தாட்சாயணிக்கு மயிர்க்கூச்செறியும்.

அந்தச் சமயத்தில் ஒரு தொண்டு நிறுவனம் திருப்பதியில் ஆங்கில ஆசிரியர்களுக்குப் போட்டி வைத்தது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் மேடையில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். ஜெயித்தால் மாவட்டம் முழுவதற்கும் பயிற்சி தருகிறவளாக வெளியே வரலாம். தாட்சாயணி 'போலீஸ் ஸ்டேஷன்' பாடத்தைத் தேர்ந்தெடுத்தாள். பஸ் ஸ்டாண்டில் பையைத் தொலைத்தவளாகத் தரணி புகார் கொடுக்க வருவாள். எஸ்.ஐ.யாக அஷ்வின், வகுப்பிலேயே வாய்த்துடுக்கு அதிகமுள்ளவன்.

"திருப்பதி போற வரிக்கும் எங்கிட்ட யாரும் தமிழ்ல பேசக் கூடாது. ரோட்ல பாத்தாலும் இங்லீஷ்தான்" என்று சட்டம் போட்டாள்.

தரணிக்குக் கல்யாணம் நிச்சயமானது அந்த நாட்களில்தான். மாப்பிள்ளை தங்கவேலு, ருக்மணியின் கடைசித் தம்பி. தடாவில் ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டுகிறவன். ருக்மணிக்கு இதில் அரைமனது. மகளை அடுப்படியில் உட்கார வைத்து உதட்டால் சொன்னாள், "டீச்சர்கிட்ட சொல்லு. அவங்க வந்து நின்னா நைனா கேப்பாரு." இது தாட்சாயணிக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் தரணி ஓடிவந்தாள். "டீச்சர், ஒண்ணு சொல்லணும்." தாட்சாயணி சிரித்தபடி விரலை உயர்த்தினாள். தரணி வாயைத் திறந்து மூடினாள். பஸ் வந்தது.

வெள்ளிக்கிழமை பலகையில் போலீஸ் ஸ்டேஷன். டீச்சர் திரும்பி நின்றாயிற்று. தரணி தன் குழுவை விட்டு எழுந்து மேசைக்கு வந்தாள்.

"டீச்சர்."

விரல் உயர்ந்தது.

"தமிழ்ல சொல்லிட்றேனே டீச்சர். ஒரே ஒரு தபா."

"இன் இங்லீஷ்."

"ஸ்டேஷன்ல தமிழ் எடுபடாதுமே" என்றான் அஷ்வின் பின்னாலிருந்து. "இந்தப் பக்கம் வா, நான்தான் எஸ்.ஐ. எதுனா மாமூல் வச்சிக்கினு கீறியா?"

வகுப்பு சிரித்தது. தரணி மேசையை இன்னும் நெருங்கினாள். பிறகு சொன்னாள், "மேடம், மை மாமா இஸ் கமிங் சண்டே."

"நாட் மாமா, அங்கிள். ஃபுல் சென்டன்ஸ்."

என்னுடைய மாமா ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்று ஆங்கிலத்தில் முழுசாகச் சொன்னாள் தரணி.

தாட்சாயணியின் கையில் சாக்பீஸ் நின்றது. பாடத்தில் இல்லாத வாக்கியம். யாரும் எழுதிக்கொடுக்காதது. சொந்த வீட்டிலிருந்து, சொந்த வாயால் ஒரு பிள்ளை ஒன்றைக் கொண்டுவந்து வைக்கிறது. எத்தனை வருஷமாக இதற்காகக் காத்திருந்தாள்! "வெரி குட்! க்ளாஸ், தரணிய கேள்வி கேளுங்க. எல்லாரும். கேட்டு விஷயத்த வாங்குங்க பாக்கலாம்" என்று ஆங்கிலத்தில் உத்தரவு போட்டாள். திரும்பவில்லை.

பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். மாமா ஏன் வருகிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டாள் காவ்யா.

என்னைக் கல்யாணம் செய்துகொள்ள வருகிறார் என்றாள் தரணி, ஆங்கிலத்தில்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. அந்தப் பக்கத்தில் பெண்ணாகப் பிறந்தவளைத் தொட்டிலில் கிடக்கும்போதே மாமன் பேரைச் சொல்லிக் கேலி பண்ணுவார்கள். அதுவும் அப்படியொரு கேலி என்றுதான் தாட்சாயணி எடுத்துக்கொண்டாள்.

மீசை இருக்கிறதா? இருக்கிறது. என்ன கொண்டுவருகிறார்? புடவை. உனக்கு அவரைப் பிடிக்குமா? பிடிக்காது. பிறகு ஏன் கட்டிக்கொள்கிறாய்?

தரணி டீச்சரின் முதுகைப் பார்த்தாள்.

நீ போலீசுக்குப் போவாயா என்று கேட்டான் அஷ்வின், எஸ்.ஐ. குரலில்.

என் டீச்சரிடம் சொல்வேன் என்றாள் தரணி.

டீச்சர் என்ன சொல்வார்?

"ஐ டோன்ட் நோ" என்றாள். குரல் கம்மியிருந்தது. நடிப்பும் நன்றாக வருகிறதே என்று நினைத்துக்கொண்டாள் தாட்சாயணி.

"எக்ஸலண்ட், தரணி! எக்ஸலண்ட்! க்ளாஸ், கிவ் ஹெர் எ க்ளாப்!"

கை தட்டினார்கள். மணி அடித்தது. தாட்சாயணி திரும்பியபோது தரணி தன் இடத்தில் போய் உட்கார்ந்து புத்தகத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை தரணி வரவில்லை. புதன்கிழமை போட்டி. தாட்சாயணிக்குக் கோபம் தலைக்கேறியது. "எங்கடா அவ? இத்தினி நாள் பழக்குனது எல்லாம் மண்ணா போவட்டும்னு வூட்ல குந்திக்கினு கீறாளா?" என்று தமிழிலேயே கத்தினாள். தானே போட்ட சட்டத்தைத் தானே மீறியது அவளுக்கு உறைக்கவில்லை.

அஷ்வின் எழுந்தான். முதல் முறையாக அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. "டீச்சர், அவளுக்கு நேத்து கல்யாணம் ஆயிட்ச்சி. பார்டர் தாண்டி மலக்கோயில்ல வச்சி தாலி கட்டிட்டாங்க."

"யார்டா சொன்னது?"

"அவதான் சொன்னாளே டீச்சர். உங்ககிட்டதான் சொன்னா. நீங்க கை தட்ட சொன்னீங்க."

யாரும் சிரிக்கவில்லை. தாட்சாயணி வழக்கம்போலப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எழுதுவதற்கு ஒன்றும் இல்லை.

சுரேஷ்பாபுவிடம் போய்ச் சொன்னாள். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே, "ஐபோயிந்தி கதம்மா" என்றார், முடிந்துபோய்விட்டதே என்று. இப்போது புகார் கொடுத்தால் ஏன் முன்னாலேயே கொடுக்கவில்லை என்று உங்களைத்தான் கேட்பார்கள், முதலில் போட்டியை முடித்துக்கொண்டு வாருங்கள் என்று தெலுங்கில் புத்தி சொன்னார். மறுத்துச் சொல்லத் தாட்சாயணிக்கும் மனம் வரவில்லை. மூன்று முறை வேதாச்சலத்துக்குப் போன் அடித்தாள். எடுக்கவில்லை. பெண்ணும் மாப்பிள்ளையும் புதன்கிழமை காலையில் திருப்பதி அடிவாரத்து அலிபிரியிலிருந்து மலைக்கு நடந்து ஏறுவதாக வேண்டுதல் என்று காவ்யா விசாரித்து வந்து சொன்னாள்.

தரணியின் வேஷத்தைக் காவ்யாவுக்குக் கொடுத்துப் பார்த்தாள். காவ்யா ஒப்பித்தாள். கேட்கக் கேட்கத் தாட்சாயணிக்குக் கடலோசை காதில் விழுந்தது.

புதன்கிழமை காலை, மற்ற பிள்ளைகளை மண்டபத்தில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து அலிபிரிக்குப் போனாள். வேதாச்சலத்தின் வாசலில் போய் நிற்காதவள், இங்கே படிக்கட்டுக்கு முன்னால் நின்றாள். எந்த வாயோடு என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டுதான் வந்தாள்.

அவர்கள் முதல் படிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் புடவையில் தரணி தன் அம்மா வயதுக்குத் தெரிந்தாள். டீச்சரைப் பார்த்ததும் வேதாச்சலத்தின் முகத்தில் ரத்தம் இல்லை.

"டீச்சரம்மா... முடிஞ்சிட்ச்சிம்மா. இனிமே கேசு கீசுன்னு போட்டு இன்னா ஆவப்போவுது?"

தாட்சாயணி தரணியைப் பார்த்தாள். கழுத்தில் புதுக்கயிற்றைப் பார்த்தாள். வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தைகளில் ஒன்றும் வரவில்லை. வாயிலிருந்து வந்தது இதுதான்:

"போட்டி பன்னெண்டு மணிக்கு முடிஞ்சிடும். தரணிய என்னோட அனுப்புங்க. இவ இல்லாட்டி ஒண்ணும் நடக்காது."

வேதாச்சலம் ஒரு நிமிடம் விழித்தார். பிறகு மூச்சு விட்டார். "அவ்ளோதானா? இதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க? தாராளமா கூட்டிக்கினு போங்க." பயம் தெளிந்ததும் அவருக்குப் பேச்சு பெருகியது. "நாங்களே உங்களுக்குத்தான் பயந்துக்கினு இருந்தோம். டீச்சர் வந்து நின்னா நிறுத்திடணும்னு இவங்கம்மா ஒரே புடியா சொல்லிட்டா. நானும் செரின்னுட்டேன். சனிக்கெழம பொழுது போற வரிக்கும் வாசலையே பாத்துக்கினு குந்தினு இருந்தோம். டீச்சர்கிட்ட சொன்னியாடின்னு கேட்டா, சொன்னேன் நைனா, எக்ஸலண்ட்னாங்க, அப்டின்றா. செரி, அவங்களே சம்மதிச்சிட்டாங்கன்னு ஆவ வேண்டியத பாத்தோம்."

ருக்மணி கற்பூரத்துக்கு அந்தப் பக்கம் நின்று உதட்டை மட்டும் அசைத்தாள். ஏன் வரல? தாட்சாயணி அதைப் படித்தாள். படிக்காதவள் போல மலையைப் பார்த்தாள்.

"டீச்சர், பொண்டாட்டிய வாடகைக்கு உடறது இதான் மொத தபா" என்று தங்கவேலு சிரித்தான். நல்ல மனிதன் போலத்தான் இருந்தான். தரணியின் பக்கம் குனிந்து, "யார்னா வயசு கேட்டா பதினெட்டுன்னு சொல்லணும். இன்னா?" என்றான். தரணி தலையாட்டினாள். அதுவும் தாட்சாயணியின் காதில் விழுந்தது.

போட்டி நடந்தது ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்தின் வாடிய மல்லிகை இன்னும் வளைவில் தொங்கியது. தெர்மகோல் எழுத்தில் யார் பெயரோ அப்படியே இருந்தது. தாட்சாயணி காவ்யாவை உடைமாற்றும் அறைக்குக் கூப்பிட்டு, "யூனிபார்ம கழட்டிக் குடு" என்றாள். காவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டு கழற்றிக் கொடுத்தாள். தரணியின் மஞ்சள் புடவையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்து தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்றாள். தாட்சாயணி தன் கையாலேயே தரணியின் தாலிக்கயிற்றைச் சட்டைக்குள் தள்ளி, பித்தானை மேல்வரை போட்டுவிட்டாள். விரலில் மஞ்சள் ஒட்டியது.

மேடையில் தரணி பிசகவே இல்லை. பையைத் தொலைத்தவள் எப்படிப் பதறுவாளோ அப்படிப் பதறினாள். என்ன தொலைந்தது என்று அஷ்வின் அதட்டினால் பதிலுக்கு அதட்டினாள். அஷ்வின்தான் ஓரிடத்தில் தடுமாறினான். தாட்சாயணி முதுகைக் காட்டி நின்றதைப் பார்த்துக் கூட்டம் தங்களுக்குள் கிசுகிசுத்தது.

முடிந்ததும் ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த நடுவர் அம்மாள் மேடைக்கு வந்தார். பிள்ளைகள் ஒப்பிக்கிறார்களா, தாங்களாகவே பேசுகிறார்களா என்று சோதித்துப் பார்ப்பது அவர் வழக்கம். தரணியிடம் ஊர் எது, அப்பா என்ன செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். டக் டக்கென்று பதில் வந்தது. அவர் சிரித்துக்கொண்டே கீழே குனிந்து பார்த்தார். மண்டபத்தில் எல்லாரும் செருப்பை வாசலில் விட்டிருந்தார்கள். தரணியின் கால்விரலில் புது மெட்டி பளபளத்தது.

சிரிப்பு நின்றது. "ஹவ் ஓல்ட் ஆர் யூ, மை டியர்?"

தரணி டீச்சரைப் பார்த்தாள். தாட்சாயணி இப்போது எதிரில்தான் நின்றாள், பாடம் முடிந்துவிட்டிருந்ததால். தரணியின் உதடு அசைந்தது, சத்தமில்லாமல், தறிக்கொட்டகையில் பேசுவது போல. நெஜத்த சொல்லட்டா டீச்சர்?

மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தார்கள். படிக்கத் தெரிந்தவள் ஒருத்திதான்.

தாட்சாயணி திரும்பிக்கொண்டாள். எதிரே வாடிய மல்லிகையும் யாரோ இருவரின் பெயரும்.

"ஐ ஆம் எய்ட்டீன் இயர்ஸ் ஓல்ட், மேடம்" என்றது குரல். முழு வாக்கியம்.

நடுவர் அந்த மெட்டியை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பி, இந்தப் பெண் உதவிக்குப் பார்த்தாள், ஆசிரியை கொடுக்கவில்லை, அவளே சமாளித்தாள், சொந்தக் காலில் நிற்கக் கற்றுக்கொடுப்பது என்றால் இதுதான் என்றார். பெரிய கைதட்டல்.

தாட்சாயணிதான் ஜெயித்தாள். போட்டோ எடுக்கிறவர் எல்லாரையும் ஒன்றாக நிறுத்துவதற்குள் தரணி யூனிபார்மைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் புடவையோடு கிளம்பிவிட்டாள். தாட்சாயணி வாசல் வரை ஓடினாள். வெளியே தங்கவேலு ஆட்டோவில் உட்கார்ந்து காத்திருந்தான்.

"தரணி! நில்லுமே. எதுனா துன்னியா? வா, டிபன் துன்னுட்டுப் போலாம்."

தரணி நின்று திரும்பினாள். சிரித்தாள். லாட்ஜ் வரவேற்பறைப் பாடத்தில், தெரியாத ஆள் வந்தால் இப்படிச் சிரிக்க வேண்டும் என்று தாட்சாயணி சொல்லிக்கொடுத்த அதே சிரிப்பு.

"யெஸ், மேடம். ஐ ஹேவ் ஈட்டன். தேங்க் யூ, மேடம். ஹேவ் எ நைஸ் டே."

ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். "இன்னா சொன்ன?" என்று தங்கவேலு கேட்டான்.

"ஒண்ணுமில்ல மாமா. போலாம்."